இந்த நேரத்தில் இங்கே பொறுப்பு யார்?

என் தாய்மாமன் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கோடை விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்த நாட்களில், இரவுச் சாப்பாட்டுத் தூக்கைச் சுமந்துகொண்டு அவர் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போவதும், பத்து மணிக்கு அவர் பொறுப்பேற்றுக்கொள்வதை மூலையில் கிடந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதும் எனக்குப் பெரிய ஆனந்தமாக இருந்தன. அந்த வேளையில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர் எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்திருப்பார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட அவருக்கு உரிமையில்லை. எந்தப் பாதையில் எந்த வண்டி நிற்கிறது, பக்கத்து ஸ்டேஷனுக்கு லைன் கிளியர் கொடுத்திருக்கிறதா, பிரைவேட் நம்பர் தாளில் எந்த எண் வரையில் அடிக்கப்பட்டிருக்கிறது, எந்த லீவரில் சிவப்பு வளையம் மாட்டியிருக்கிறது, அதை ஏன் மாட்டினார் என்பதையெல்லாம் அவர் ஒன்று விடாமல் சொல்ல, மாமா கேட்டதோடு திருப்தியடையாமல் கைவிளக்கை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போய், இரண்டாவது பாதையில் சரக்கு வண்டி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். பிறகு டைரியில் மணியும் நிமிஷமும் குறிக்கப்பட்டு இரண்டு கையெழுத்துகள் விழும். "பாத்துட்டேன் சார், சார்ஜ் எடுத்தாச்சு. நீங்க கிளம்புங்க" என்று மாமா சொன்ன பிறகுதான் மற்றவர் செருப்பைத் தேடுவார்.

அந்தச் சிறிய சடங்கின் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. அது ஒற்றைப் பாதை. எதிரெதிராக இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் அதில் நுழைந்துவிட்டால், பிறகு யார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. ஆகவே டோக்கன் கருவியிலிருந்து வெளிவரும் ஓர் எஃகு உருண்டை, தோல் பையில் வைத்துப் பிரப்ப வளையத்தோடு டிரைவர் கைக்குப் போனாலொழிய வண்டி நகராது. சில உத்தரவுகளைத் தொலைபேசியில் கொடுக்கும்போது, சொன்னவர் இவர்தான், கேட்டவர் அவர்தான் என்பதற்கு அத்தாட்சியாக இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் தங்கள் தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்லிக் குறித்துக்கொள்வார்கள். இத்தனை ஏற்பாடுகளும், அந்த அறையில் அந்த நிமிஷத்தில் பொறுப்பாளி இன்னார் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருந்தால் மாத்திரமே பலிக்கும்.

டியூட்டி ஆபீசர் என்று எல்லாத் துறைகளிலும் வழங்கும் பதவியின் உட்பொருள் இதுதான். உண்மையில் அது பதவியே அல்ல. காவல் நிலையத்தில், துறைமுகத்தில், ஆஸ்பத்திரியில், அனல் மின் நிலையத்தில், வானிலை அலுவலகத்தில், இராணுவ முகாமில், வெவ்வேறு பதவிகளை வகிக்கும் உத்தியோகஸ்தர்கள் தங்கள் தங்கள் முறை வரும்போது ஏற்று, முறை முடிந்ததும் இறக்கிவைக்கும் ஒரு பாரம் அது. நம் பாஷையில் 'முறை' என்ற சொல் சுழற்சியையும் குறிக்கிறது, நியாயத்தையும் குறிக்கிறது. கோயிலில் அர்ச்சகருக்கு முறை உண்டு. ஏரிப் பாசனத்தில் வயலுக்கு வயல் நீர்முறை உண்டு. மழை கொட்டும் இரவில் மடைக்குக் காவல் நின்ற நீர்க்கட்டி, தன் முறை முடியும்வரை அவ்விடத்தை விட்டு அகலாதவனாக இருந்தான். அந்தச் சொல்லின் இரண்டு பொருள்களும் சேர்ந்து வருகிறபடியால், இவரை முறை அதிகாரி என்றே இக்கட்டுரையில் குறிப்பிட விரும்புகிறேன்.

இந்த நாற்காலி ஒரு க்ஷணமும் காலியாக இருக்கலாகாது என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. 'காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி' என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுத்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், இன்ஸ்பெக்டர் என்றோ சப்-இன்ஸ்பெக்டர் என்றோ சொல்லி நின்றுவிடவில்லை. பொறுப்பாளர் வெளியே போயிருந்தாலும் நோயுற்றிருந்தாலும், அப்போது நிலையத்தில் இருப்பவர்களுள் அவருக்கு அடுத்த படியில், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட தரத்தில் இருப்பவர் எவரோ அவரே பொறுப்பு அதிகாரி என்று விரித்துச் சொல்லியது. நள்ளிரவில் தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்து ஓடிவரும் ஒரு பெண்ணிடம் 'ஐயா இல்லை, காலையில் வா' என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றமாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. குற்றம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்ற சாக்கும், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அடைக்கப்பட்டுவிட்டது. நிலையத்தின் பொதுநாட்குறிப்போ அதைவிடப் பழமையானது. 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 44-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்கிற்று. யார் எப்போது வந்தார், எப்போது போனார், எந்தப் புகார் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்பதெல்லாம் அதில் ஏறியாக வேண்டும்.

முறை அதிகாரியின் கடமைகளுள் தலையாயது எது என்று கேட்டால் பலரும் விழித்திருப்பது என்பார்கள். ஒப்புக்கொள்ளும்போது உள்ளபடி ஒப்புக்கொள்வதும், ஒப்படைக்கும்போது உள்ளபடி ஒப்படைப்பதுமே அதற்கும் முந்தியவை என்பது என் துணிபு. ஆபத்து பெரும்பாலும் இரண்டு முறைகளுக்கு இடையே உள்ள சந்தில்தான் நுழைகிறது.

ஸ்காட்லாந்துக்கு வடகிழக்கே வட கடலில் நின்ற பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய்த் தளத்தில் 1988 ஜூலை 6-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். அங்கே இருந்த இரண்டு பம்புகளுள் ஒன்றின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகப் பகல் முறைக்காரர்கள் கழற்றியிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குள் வேலை முடியவில்லை. வால்வு இருந்த இடத்தைத் தற்காலிகமாக ஒரு தட்டை வைத்து மூடினார்கள். அந்தப் பம்பை இயக்கக்கூடாது என்பதற்கான சீட்டு எழுதப்பட்டது உண்மை. ஆனால் அதைக் கொண்டுபோனவர், பொறுப்பாளர் வேறு வேலையில் மும்முரமாக இருந்ததைக் கண்டு, வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் சீட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு மற்றொரு பம்பு நின்றுபோயிற்று. அதனால் தளம் முழுவதற்கும் மின்சாரம் போய்விடுமோ என்று கவலையுற்ற இரவு முறைக்காரர்கள், வால்வு கழற்றப்பட்ட சமாசாரமே அறியாதவர்களாய், முதல் பம்பை இயக்கினார்கள். பத்து மணிக்கு முதல் வெடிப்பு. அன்றிரவு மாண்டவர்கள் 167 பேர். அந்த இரவு முறைக்காரர்களுள் சோம்பேறி ஒருவருமில்லை. தமக்குத் தெரிந்த அளவில் சரியானதையே செய்தார்கள். அவர்களிடம் சொல்லப்படாத ஒரே ஒரு வாக்கியம்தான் குறை.

கப்பற்காரர்கள் இந்த விஷயத்தில் வெகுகாலமாகவே ஜாக்கிரதையானவர்கள். அவர்களுடைய சர்வதேச விதிகளின்படி, இரவில் காவல் முறை ஏற்க வருபவருடைய கண்கள் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். வெளிச்சமான அறையிலிருந்து எழுந்து வந்தவர் உடனே பொறுப்பேற்கலாகாது. ஒரு திருப்பமோ விலகலோ நடந்துகொண்டிருக்கும்போது முறை மாறக்கூடாது. அது முடியும்வரை பழையவரே நிற்கவேண்டும். மாற்ற வந்தவர் நோயாலோ வேறு காரணத்தாலோ தகுதியற்ற நிலையில் இருக்கிறார் என்று தோன்றினால், பொறுப்பைக் கொடுக்காமல் காப்டனுக்குச் சொல்லவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: காப்டனே மேல்தளத்துக்கு வந்து பக்கத்தில் நின்றாலும், 'நான் ஏற்றுக்கொண்டேன்' என்று அவர் வாய்விட்டுச் சொல்லி, அதை இருவரும் புரிந்துகொள்கிறவரையில், கப்பல் முறை அதிகாரியின் பொறுப்பிலேயே இருக்கிறது. மேலதிகாரி வந்து நின்றதுமே 'இனி எல்லாம் அவர் பாடு' என்று மனம் தளர்வது மனித சுபாவம்; அந்தச் சுபாவத்தைத் தெரிந்தவர்கள் எழுதிய விதி அது.

ஆயினும் இத்தனை விதிகளுக்கும் அப்பால், முறை அதிகாரியின் அந்தரங்கத்தில் நடக்கும் போராட்டம் ஒன்று உண்டு. அகால வேளையில் ஏதோ தென்படுகிறது. அது அபாயமாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். தூங்குகிற பெரியவரை எழுப்புவதா, வேண்டாமா?

1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, பனிக்கட்டிகளுக்கு நடுவே மேலே செல்ல அஞ்சி, கலிபோர்னியன் என்ற சரக்குக் கப்பல் வட அட்லாண்டிக்கில் இயந்திரத்தை நிறுத்திக்கொண்டு நின்றது. அதில் கம்பியில்லாத் தந்திக்கு இருந்தவர் ஒரே ஒருவர், சிரில் எவன்ஸ் என்ற இளைஞர். நாள் முழுதும் உழைத்த அவர் இரவு பதினொன்றரை மணி சுமாருக்குக் கருவியை மூடிவிட்டுப் படுக்கப் போனார். பதினொன்று நாற்பதுக்கு டைட்டானிக் பனிமலையில் மோதியது. நள்ளிரவில் முறையேற்ற இரண்டாம் அதிகாரி ஹெர்பர்ட் ஸ்டோனும், உடனிருந்த பயிற்சி இளைஞர் ஒருவரும், தொலைவில் தெரிந்த ஒரு கப்பலின் மேலே வெள்ளை வாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் எட்டு, எழும்பிச் சிதறுவதைக் கண்டார்கள். ஸ்டோன் பேச்சுக்குழாய் வழியாகக் காப்டன் ஸ்டான்லி லார்டுக்குச் சொன்னார். விளக்கால் சைகை செய்து கேள் என்று பதில் வந்தது, செய்தார், மறுமொழி இல்லை. பிறகு இளைஞரை அனுப்பிச் சொல்லச் செய்தார். பின்னும் ஒருமுறை குழாய் வழியே தாமே சொன்னார். மூன்று முறை சொல்லியும் காப்டன் மேல்தளத்துக்கு வரவில்லை; ஸ்டோனும் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வரவில்லை. எல்லாவற்றையும்விட நெஞ்சை உறுத்துவது, சில படிகளுக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருந்த எவன்ஸைத் தட்டியெழுப்பி, அந்தக் கருவியைக் காதில் வைத்துக் கேள் என்று ஒருவரும் சொல்லாததுதான். நான்கு மணிக்கு முறையேற்ற தலைமை அதிகாரிதான், விவரம் கேட்டு மனம் சஞ்சலப்பட்டு, விடியும் நேரத்தில் எவன்ஸை எழுப்பினார். அதற்குள் டைட்டானிக் மூழ்கி மூன்று மணி நேரமாகிவிட்டது. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மாண்டுவிட்டார்கள்.

கலிபோர்னியன் எவ்வளவு தூரத்தில் இருந்தது, போயிருந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பதைப் பற்றி இன்றளவும் விவாதம் நடக்கிறது. விசாரணை நடத்திய மெர்ஸி பிரபு கடுமையாகவே எழுதினார். காப்டனுக்காகப் பரிந்து பேசியவர்களும் பலர். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஸ்டோன் செய்தி சொன்னார் என்பதும், செய்தி சொல்வதோடு தன் கடமை தீர்ந்தது என்று நினைத்துவிட்டார் என்பதும் போதும். மேலதிகாரியின் காதில் ஒரு சொல் விழுந்ததால் பொறுப்பு கைமாறிவிடாது. 1914-ல் லண்டனில் கூடிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, பெரிய பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் இடையறாத தந்திக் காவல் வேண்டுமென்று விதித்தது. ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு இருபத்துநாலு மணி நேரக் காவலை எதிர்பார்க்கலாகாது என்ற எளிய உண்மைக்கு உலகம் கொடுத்த விலை அது.

எழுப்பாமல் இருந்ததாலேயே உலகம் பிழைத்த இரவும் ஒன்று உண்டு. மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு நிலவறையில், 1983 செப்டம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், அமெரிக்காவிலிருந்து ஏவுகணை புறப்பட்டுவிட்டதாகச் சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு அபாய ஒலி எழுப்பிற்று. முதலில் ஒன்று, சிறிது நேரத்தில் மேலும் நான்கு. அன்றைய முறை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். தென்கொரியப் பயணி விமானம் சுடப்பட்டு 269 பேர் இறந்து நான்கு வாரங்கள்கூட ஆகாத காலம் அது; இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன. போரைத் தொடங்க நினைப்பவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளை அனுப்புவானா என்று அவர் யோசித்தார். தரையிலிருந்த ரேடார்கள் எதையும் காணவில்லை என்பதையும், அமைப்பு புதியது என்பதையும் எண்ணிப் பார்த்தார். இது கருவியின் கோளாறு என்று மேலிடத்துக்கு அறிவித்தார். உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைக் கருவி தீச்சுவாலை என்று எடுத்துக்கொண்டது பின்னர் தெரியவந்தது. அந்த இரவு நாட்குறிப்பை எழுதாமல் விட்டதற்காகத் தாம் கண்டிக்கப்பட்டதாகப் பெத்ரோவ் பிற்காலத்தில் சொன்னார். நாட்குறிப்பின் மகிமையை மேலே புகழ்ந்த நானே இதைப் படித்தபோது அவர் பக்கம்தான் சாய்ந்தேன். கருவி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் அவர்மேல் ஒரு குற்றமும் இருந்திராது, ஆனால் அவர் விவேகத்தை அங்கே உபயோகித்தார்.

எவரையும் எழுப்பிக் கேட்க அவகாசமே இல்லாத நிலைமையும் வரும். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு பரவியபோது, ரயில் நிலையத்தில் பணியிலிருந்தவர் துணை நிலையக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர். பிளாட்பாரத்தில் கோரக்பூரிலிருந்து வந்த எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுகொண்டிருந்தது. புறப்பட இன்னும் நேரமிருந்தது. கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது, காரணம் தெரியவில்லை. அவர் அந்த வண்டியை நேரத்துக்கு முன்பே கிளப்பினார்; போபாலுக்கு வரவேண்டிய வண்டிகளைத் தடுத்து நிறுத்தும்படி பக்கத்து நிலையங்களுக்குச் செய்தி அனுப்பினார்; பிறகு தப்பி ஓடாமல் அங்கேயே நின்று உதவி கேட்டுத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார். அன்றிரவு உடன் பணிபுரிந்த சிப்பந்திகள் பலர் அந்த நிலையத்திலேயே உயிர் துறந்தார்கள். தஸ்தகீர் விஷவாயுவின் பாதிப்பால் பல ஆண்டுகள் நோயோடு வாழ்ந்து 2003-ல் காலமானார். என் மாமா போன்றவர்கள் ஆயுள் முழுதும் போற்றிய கால அட்டவணையை, அதே கால அட்டவணை யாருக்காக இருக்கிறதோ அந்தப் பிரயாணிகளுக்காகத் தஸ்தகீர் மீறினார்.

நம்மில் பெரும்பாலோருக்கு முறை அதிகாரியோடு நேரும் பழக்கம் ஆஸ்பத்திரியில்தான். அவசரப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கு வெள்ளைக் கோட்டோடு நிற்கும் இளம் டியூட்டி டாக்டர் ஒரே சமயத்தில் நான்கு வேலைகளைச் செய்கிறார்: உயிரைப் பார்க்கிறார், விபத்துப் பதிவேட்டில் காயங்களை அளந்து எழுதுகிறார், காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கிறார், வெளியே அழுகிறவர்களுக்குப் பதில் சொல்கிறார். இவற்றுள் எது முதலில் என்பதை உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்மானித்துக் கொடுத்தது. அடிபட்ட ஸ்கூட்டர்காரர் ஒருவரை, போலீஸ் வழக்குகளைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை என்று ஓர் ஆஸ்பத்திரி திருப்பியனுப்ப, வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் இறந்துபோனார். பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், முதலில் சிகிச்சை, சம்பிரதாயங்கள் எல்லாம் பிறகு என்றும், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் இதற்குக் கட்டுப்பட்டவர் என்றும் நீதிமன்றம் சொன்னது.

அந்த ஆஸ்பத்திரியிலேயே, காலை முறை மாறும்போது நர்ஸுகள் 'ஓவர்' கொடுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டில் கட்டிலாகப் போய், இந்தத் தாத்தாவுக்கு ராத்திரி ஜுரம் எத்தனை, அந்த அம்மாவுக்கு எத்தனை மணிக்குக் கடைசி ஊசி, யாருக்குச் சிறுநீர் இறங்கவில்லை என்று ஒருவர் சொல்ல மற்றவர் குறித்துக்கொள்கிறார். என் தாயார் சிகிச்சையில் இருந்த ஒரு வாரமும் நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, போக வேண்டியவர் வாசல் வரை போனவர் திரும்பி ஓடிவந்து, "சிஸ்டர், எட்டாம் கட்டில் அம்மாவுக்கு அந்த மாத்திரை ஒத்துக்கல, மறந்துட்டேன்" என்றார். எட்டாம் கட்டிலில் இருந்தது என் தாயார். டைரியும் கைவிளக்குமாக இருட்டில் நடந்த மாமாவின் உருவம் அப்போது நினைவுக்கு வந்தது.

இத்தகைய மனிதர்களைச் சோர்வு வென்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நிர்வாகத்தின் கடமை. மூன்று மைல் தீவு அணு உலை விபத்து விடியற்காலை நான்கு மணிக்கு. செர்னோபில் வெடித்தது பின்னிரவு 1.23-க்கு, போபால் நள்ளிரவில். காரணங்கள் வேறு வேறாயினும், மனிதனுடைய உடம்பு உறக்கத்துக்கு ஏங்கும் நேரம் அது. தொடர்ந்து இருபத்துநாலு மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேலாக, பயிற்சி மருத்துவர்களை நிற்கவைத்து வேலை வாங்குவதை நான் தவறு என்றே சொல்வேன்; அது சிக்கனமல்ல.

ஸ்தாபனங்களின் தலைமையில் இருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். இன்றிரவு உங்கள் அலுவலகத்தில் யாருடைய முறை என்று தெரிந்துகொள்ளுங்கள். படுக்கப் போகுமுன் அவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நேரமானாலும் எழுப்பலாம், காரணமில்லாமல் எழுப்பினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் நிஜமாகவே எழுப்பும் இரவில், அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.